கர்ச்சீப் போட்ட எண்கள்

இன்று காலை கீரனூரில் திருச்சி பஸ் வந்து நிற்பதற்குள் யாரோ ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசி இடம் போட்டார்கள். உன்னுடையதைப் போலவே நீலம். அதற்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் போனில் அந்த மெயிலைப் பார்த்தேன்.

முன்பின் தெரியாத ஒரு பொறியாளர், எந்த நாடோ. கம்ப்யூட்டரின் அடிமட்ட நிரலான கெர்னலில் நம் கருவிக்காக நீ பதிந்த கட்டளை எண்களைத் தன் கருவிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். உனக்கு எழுதியது திரும்பி வந்துவிட்டதாம். சோதித்துப் பார்த்தவள் என்று என் பெயரும் அந்தப் பதிவில் இருந்ததால் என்னைப் பிடித்திருக்கிறார்.

என்ஜின் சூட்டைக் காட்டும் நம் கருவியை மீமிசலில் முதன்முதலாகப் படகில் மாட்டிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அதே கம்ப்யூட்டரில் வேறொரு கம்பெனியின் திசைகாட்டும் கருவியும் இருந்தது. நம் நிரல் ஒவ்வொரு கருவியாகத் தட்டி, ஓர் எண்ணைச் சொல்லி சூடு கேட்டது. அந்தக் கருவிக்கோ அந்த எண் 'எல்லாவற்றையும் அழி' என்ற கட்டளை. படகுக்கார அண்ணன் வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருந்த மீன்பாடுள்ள இடங்களெல்லாம் நொடியில் போய்விட்டன. "கடல் அங்கிட்டு அப்படியேதான் இருக்கு. எங்கிட்டுப் போறதுன்னுதான் தெரியலம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

"சின்ன கம்பெனி நம்மளது, எண்ணை மாத்திட்டுப் போங்க, யாரு பாக்கப் போறா?" என்றார் மேனேஜர். நீ விடவில்லை. "நம்ம பாட்டுக்கு மாத்துனா நாளைக்கு இன்னொருத்தரு அதுலயே வந்து உக்காருவாருடி. கர்ச்சீப் போட்டாத்தான் சீட்டு" என்று, எந்த எண் யாருக்கு எனக் குறித்து வைக்கும் கெர்னலின் பொதுப் பட்டியலுக்கே எழுதினாய். நீ கேட்ட எண்ணில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, வேறு பாருங்கள் என்று பதில் வந்தபோது நான் சலித்துக்கொண்டேன். உனக்கோ ஒரே பூரிப்பு. "பாத்தியா, பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க!"

பிறகு கம்பெனியை மூடினார்கள். பாழாய்ப்போன புற்றுநோய் உன்னையும் கொண்டுபோனது. வேறு எண்கள் பார்த்து உன் பெயரில் நீ பதிந்த அந்த வரி மட்டும் கெர்னலைப் பதிவிறக்குகிறவர்களிடமெல்லாம் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. பூட்டு இல்லை, காவல் இல்லை. ஆனாலும் உன் முகத்தையே பார்த்திராத ஒருவர் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன் என்று நிற்கிறார்.

யாரும் பயன்படுத்தவில்லையென்றால் விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான். "எறங்கிட்டா சீட்டு எதுக்குடி?" என்றுதான் நீயும் சொல்வாய். ஆனால் உன் பெயர் அழிந்துவிடுமே. நம் கருவி இன்னும் ஓடுகிறதா என்று மீமிசல் படகுக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஒங்க பொட்டியா? அது பாட்டுக்கு ஓடுதும்மா. என்ஜினையே மாத்திட்டேன், அதை மாத்தல. கூட வந்த அந்தப் புள்ள நல்லா இருக்காங்களா?"

பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த எண்கள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று பொறியாளருக்கு எழுதிவிட்டேன். பட்டியலில் உன் பெயரை எடுக்கவில்லை. கேட்கிறவர்களின் மெயில் இனித் திரும்பிப் போகாமலிருக்க, பக்கத்தில் என் முகவரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன், ஆள் இருக்குங்க என்று.