மூன்று மாதக் கெடு

பிப்ரவரி 9

அன்புள்ள கப்பல்காரருக்கு,

மாத்திரை தொடங்கி மூன்று மாதம் முடிந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பையில் இருக்கும் புற்று குறைந்திருக்கிறதாம், முழுசாகப் போகவில்லை. இன்னும் மூன்று மாதம் அதே ஹார்மோன் மாத்திரை. ஆறு கிலோ ஏறிவிட்டேன். டிக்கெட் கவுன்டரில் நான் உட்கார்ந்தால் நாற்காலி முனகுகிறது.

என் ஆத்திரம் அதிலில்லை. டாக்டரம்மா உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார். "கர்ப்பப்பைய எடுத்துடச் சொல்லி உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்காரே, உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பழுதான பாகத்தைக் கழற்றிப் போட நான் என்ன உங்கள் இன்ஜினா? பிள்ளை வேண்டும் என்று, கர்ப்பப்பையை எடுக்காமல் மாத்திரை விழுங்குவது நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

உங்கள் வாயாடி


மார்ச் 2

என் வாயாடிக்கு,

தப்புதான். இன்ஜின் ரூமில் ஒரு கசிவைக் கண்டால், அந்தக் குழாயைக் கழற்றிப் போட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். அதே புத்தி. பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு நீ வேண்டும். இதை உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை, டாக்டருக்கு எழுதிவிட்டேன்.

இனி குறுக்கே வரமாட்டேன். உன் இஷ்டப்படியே வைத்தியம் நடக்கட்டும். வீட்டில் இருந்தால் உன்னை நச்சரித்துக்கொண்டே இருப்பேன் என்று, ஏப்ரலில் முடிகிற ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கும் நிம்மதி.

உன் கப்பல்காரன்


மே 14

கப்பல்காரருக்கு,

சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "இனிமே ஒரு மாசம்கூட வீணாக்காதீங்க. இது திரும்ப வரலாம். இப்பவே குழந்தைக்குப் பாருங்க, பெத்தப்புறம் கர்ப்பப்பைய எடுத்துடலாம். வீட்டுக்காரர் எங்க?" கப்பலில், அடுத்த ஏப்ரல் வரைக்கும் என்றேன்.

என்னைக் கேட்காமல் எடுக்கச் சொன்னீர்கள். என்னைக் கேட்காமலே விலகியும் போய்விட்டீர்கள். நிம்மதியாம். அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த சோதனை ஆகஸ்ட் பதினான்கு. அன்றைக்கும் இப்படியே சுத்தமாக இருக்கும் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வரமுடியாதென்றால் எனக்கு எழுதவேண்டாம். தேதி தாண்டினால் நானே தெரிந்துகொள்வேன்.

இப்போதைக்கு
உங்கள் மனைவி