மஞ்சள் துணிப்பூவும் இடப்பக்க வாசலும்

ஜனவரி 12, ஞாயிறு

இன்று சபைக் கூட்டம். போதகர் பேருந்துப் பணிமனையிலிருந்து நம் சர்ச் வாசல்வரை நடந்தே வந்தாராம். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஆறு மொழி காதில் விழுந்ததாம். "உள்ள வந்தா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. தெருவுல இருக்கறவங்க எல்லாரும் இந்தச் சபையிலயும் இருக்கணும். இந்த வருஷம் நம்ம வேலை அதுதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன, கழுத்து இருந்தால் போதும்.

முதல் வேலையாகப் பக்கவாட்டு கேட்டைக் காலை ஐந்துக்கே திறக்கப்போகிறோம். பணிமனையில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லையாம். இத்தனை வருஷம் சுவரை ஒட்டி இருந்தும் இது எனக்குத் தெரியாது. இனி அவர்கள் நம்முடையதைப் பயன்படுத்தலாம், கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

சாவி மாமா எதிர்த்தார். மூப்பர் அவர், சபையின் பதினாலு சாவியும் இடுப்பில் தொங்குவதால் அந்தப் பெயர். "குழாய உடைச்சிடுவாங்க" என்றார். "ஏற்கெனவே ஒழுகுது மாமா, உடைஞ்சாலாவது மாத்துவீங்க" என்றேன். கூடமே சிரித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

புதிதாக வருகிறவர்களை வரவேற்பது என் பொறுப்பு. இடப்பக்க வாசலில் பத்தொன்பது வருஷமாக நான்தான் நிற்கிறேன். ஏதாவது செய்ய வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

என் தையல் கடையில் மீந்த மஞ்சள் துணியில் நாற்பது பூ தைத்துவிட்டேன். பின்பக்கம் ஊசி. புதியவர் சட்டையில் குத்திவிட்டால் எல்லோரும் தேடிப் போய்ப் பேசுவார்கள். எப்படி என் யோசனை! வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தாள்! பேருந்து ஓட்டுகிற பெண். டிரைவரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இரண்டு வாரமாகக் காலையில் டீக்கு வருகிறவள், இன்று சீருடையோடு ஆராதனைக்கே வந்துவிட்டாள். தாய்மொழி வேறு, தமிழ் பயணிகளிடம் பேசிப் பேசிப் பழகியதாம். "வாங்க, உங்களுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கோம்" என்றேன். நான் எல்லோரிடமும் சொல்வது அதுதான். முதல் பூ அவளுக்கு.

மார்ச் 2, ஞாயிறு

இன்று பதினோரு பூ குத்தினேன். பாதிப் பேர் டிரைவரம்மா கூட்டிவந்தவர்கள். பெருமையாக இருக்கிறது, சொன்னால் என்ன.

மார்ச் 23, ஞாயிறு

பூவை எடுத்ததும் டிரைவரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இத எத்தன வாரம் குத்துவீங்க? புதுசா பஸ் ஓட்டப் பழகறவங்களுக்கு ஒரு எல் போர்டு மாட்டுவாங்க. ஓட்டத் தெரிஞ்சதும் எடுத்துடுவாங்க. எனக்கு எப்ப எடுப்பீங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"எட்டு வாரமா 'முதல் தடவையா வர்றீங்களா'ன்னே கேக்கறாங்க அக்கா. பூவத்தான் பாக்கறாங்க. என் மூஞ்சி யாருக்கும் ஞாபகம் இல்ல."

அப்புறம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? விரல்ல ஊசி குத்தக் குத்தத் தச்சேனே, அதுக்கு இந்தப் பேச்சா? ஆசையா செஞ்சதுக்கு — போகட்டும். எனக்கென்ன.

மார்ச் 25, செவ்வாய்

அவளுக்கு எத்தனை பிள்ளைகள்? எந்தத் தடத்தில் ஓட்டுகிறாள்? எட்டு வாரத்தில் நானும் ஒன்றும் கேட்கவில்லை. பூ மட்டும் குத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு வாரமாக அவள் வரவில்லை. டீக்கும் இல்லை. பணிமனையிலிருந்து இன்று மூன்றே பேர். போதகர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். அப்புறம் பழையபடி ஒரே மொழி.

ஏப்ரல் 8, செவ்வாய்

பணிமனைக்குப் போனேன். கிளம்பத் தயாராக இருந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஏறிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"கோவமா?"

"இல்லக்கா. டூட்டி மாத்திட்டாங்க" என்றாள். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "விருந்தாளியாவே எத்தன நாள் இருக்கறது அக்கா?" என்றாள்.

"பூவ நிறுத்திட்டேன். வாசல்ல வந்து நில்லும்மா. என்கூட இல்ல, என் இடத்துல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். பத்தொன்பது வருஷ வாசல்! ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — வாபஸ் வாங்க மனம் வரவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளாம் அவளுக்கு. மூத்தவள் நன்றாகப் பாடுவாளாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கூட்டத்தில் சொன்னேன். சாவி மாமா எழுந்துவிட்டார். "வாசல்ல நிக்கணும்னா அஞ்சு வருஷமாவது சபையில இருந்திருக்கணும். அதுதான் வழக்கம்."

"நான் வந்த மூணாவது வாரமே நின்னேன் மாமா. நிக்கச் சொன்னதே நீங்கதான்."

மாமா தாடையைச் சொறிந்தார். கடைசியில் வளையத்திலிருந்து இடப்பக்க வாசல் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு. தொலச்சாள்னா நீதான் பொறுப்பு." அந்த வளையத்திலிருந்து ஒரு சாவி கழன்றதை நான் பார்த்ததே இல்லை. மாமாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவள் நின்றாள். நான் பின்னால் நின்று வாயைக் கட்டிக்கொண்டேன், பெரும்பாடு. ஆட்களை என் ஒழுங்கில் அவள் உட்கார வைக்கவில்லை. பேருந்தில் ஏற்றுவது போல "உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று நகர்த்துகிறாள். நடுவரிசை நிரம்பி இன்றுதான் பார்க்கிறேன். அவள் ஆட்கள் வந்தபோது என் 'உங்களுக்குன்னு ஒரு இடம்' வாக்கியத்தையே அவள் மொழியில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் அது என்னுடையது.

மே 5, திங்கள்

மஞ்சள் பூக்களைப் பிரித்து, சூடான டீ கெட்டிலைப் பிடிக்கத் துணி தைத்துக் கொடுத்தேன். இப்போதுதான் உருப்படியாகப் பயன்படுகிறது.

மே 19, திங்கள்

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இரண்டு மாதம் வெளியே போகக்கூடாதாம். வீட்டுக்காரர் சமைக்கிறார். கர்த்தர் காக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

போதகர் பார்க்க வந்தார். இப்போது வேதபாடத்தை மூன்று மொழியில் வாசிக்கிறார்களாம். டிரைவரம்மாவின் மூத்தவள் பாடகர் குழுவில். "குழாய மாத்தியாச்சா?" என்று கேட்டேன். மாமாவே மாற்றினாராம்.

ஜூலை 20, ஞாயிறு

கோலூன்றிக்கொண்டு போனேன். இடப்பக்க வாசலில் நரைத்த மீசையோடு ஒருவர், சட்டைப்பையில் கண்டக்டர் விசில். முன்பின் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்.

"முதல் தடவையா வர்றீங்க?" என்றார் தட்டுத் தடுமாறிய தமிழில். பிறகு மனப்பாடம் செய்தது போல, ஒரு சொல்கூடப் பிசகாமல், "வாங்க, உங்களுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கோம்."

உள்ளே டிரைவரம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்ல ஓடிவந்தாள். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். வீட்டுக்காரர் காதைக் கடித்தார்: "நீ யாருன்னு சொல்லேன்."

"சும்மா வாங்க" என்றேன்.

மீசைக்காரர் எங்களை நடுவரிசையில் உட்கார வைத்தார். வாசலில் நின்றே பழகியவள், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆராதனை முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். கண்ணைத் துடைக்க முடியவில்லை, ஒரு கையில் கோல், ஒரு கையில் பாட்டுப் புத்தகம்.

வெளியே வரும்போது அந்த மனிதர் கேட்டார்: "அடுத்த வாரமும் வருவீங்களா?"

"வருவேங்க. நல்லா கவனிச்சுக்கிட்டீங்க" என்றேன்.