நான் திருத்திய கடைசி அத்தியாயம்

அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரே என்னிடம்தான் யோசனை கேட்டார் என்று வைத்துக்கொள்ளேன். ஒரு மாதம் அவள் எதையும் படிக்கக் கூடாதாம்.

நீ அனுப்பிய மூன்று இங்கிலாந்து நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். ஓட்டல் லிஃப்டில் இருபத்திரண்டு வருஷம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியவனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. படித்துப் படித்து அக்காவுக்கும் தமிழில் சொன்னேன்.

முதலாவது கொலைக் கதை. கொன்றது தோட்டக்காரன் என்று மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். புத்தகம் வக்கீல் என்கிறது. எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார். இரண்டாவதில் நாற்பது பக்கம் மழை, முப்பது பக்கம் டீ. மனசில் இருப்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்காங்கடா" என்றாள் அக்கா.

மூன்றாவதில்தான் தப்பு செய்துவிட்டேன். கடலோர வீட்டில் ஒரு தாய், கோபித்துக்கொண்டு போன மகள். கடைசிவரை மகள் வருவதில்லை. தாய் அவள் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். அகராதியை வைத்து இரண்டு முறை பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? மகளை ரயிலில் ஏற்றிவிட்டேன். பெட்டி, குடை, வாசலில் வாலாட்டும் நாய் என்று சேர்த்துக்கொண்டே போனேன். நன்றாகவும் அமைந்துவிட்டது, அதுதான் வினை.

அக்கா கதை முடிந்ததும், "உன் பேருக்கு அனுப்பினாலும் எனக்குத்தான்டா அனுப்பியிருக்கா. வரேன்னு நேரா சொல்ல ரோஷம்" என்றாள். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் கேட்காமல் மறுநாள் உன் அறையைத் துடைத்தாள். நாலு வருஷத் தூசி. "நானும் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். இப்போது நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எத்தனையோ புளுகியிருக்கிறேன். ஒன்றும் இப்படிச் சோறு இறங்காமல் செய்ததில்லை.

நீ என்ன நினைத்து அந்தப் புத்தகத்தை அனுப்பினாய் என்று கேட்கமாட்டேன். வர முடியாதென்றால் எனக்கு மட்டும் ஒரு வரி எழுது, உண்மையை நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். வருவதானால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, வண்டி ஏறு.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
உன் பொய்க்கார மாமா