முகாம் அனுப்பிய வண்டி

ஜூன் 11, புதன்

இராணுவ முகாமில் ஒருவன் செல்வியைப் பலாத்காரம் செய்திருக்கிறான். அவள் இராணுவத்தில் சேர்ந்த பிள்ளை. லீவில் மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருக்கிறாள். முதல் நாளே அவன் பெயரைக் கேட்டு நெருக்கக் கூடாது என்பது எங்கள் பெண்கள் உதவிப் பிரிவின் விதி. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முகாமிடம் வண்டி கேட்டேன். இன்று காலை வந்தது.

“பஸ்லயே போவோங்க அக்கா,” என்றாள்.

“பஸ்ல நிக்கக்கூட எடமிருக்காது. ஏறும்மா,” என்றேன். மடச்சி நான்.

ஹட்டன் ஆஸ்பத்திரி வரை என் கையை அவள் விடவில்லை. குளிர் என்று நினைத்தேன். டிரைவரும் அப்படித்தான் சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் சொன்னாள். “வண்டி ஓட்டுனவன்தாங்க அக்கா.”

பரிசோதனை முடிந்து வெளியே வந்தோம். வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான்.