சால்னாக் கனவு

வேலைக்குக் கிளம்பிய லோகப்பிரியா, தூங்கிக்கொண்டிருந்த கணவன் மனோஜ்குமாரை எழுப்பவில்லை. கிணத்துக்கடவுத் தோப்பை விற்றுவிட்டு, கோவையில் இப்போது வாடகைக்கு இருக்கும் கணபதியிலேயே சொந்த வீடு வாங்கலாம் என்பது அவள் யோசனை. செத்துப்போன தன் அப்பா கனவில் வந்து விற்கக் கூடாதென்று சத்தம் போட்டதாக நேற்றுக் காலை அவன் சொன்னான். "பரோட்டாவும் சால்னாவும் தின்னுபோட்டுப் படுத்தா அப்படித்தானுங்க கனவு வரும்" என்று அவள் சிரித்துவிட்டாள். அதிலிருந்து அவன் பேசவில்லை.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்:

"ஏனுங்க, அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல இருக்குது. நெய் ஊத்திச் சாப்பிடுங்க. தோப்பு வாங்கறவங்க பத்து மணிக்கு வர்றாங்க. காபி போட்டுக் குடுங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. ஃப்ரிட்ஜுல மிச்சமிருக்கற சால்னாவக் கொட்டிருங்க. நேத்து ராத்திரி நானும் அதைத்தான் சாப்பிட்டுப் படுத்தேன். நெஞ்செரிச்சல்தான் வந்துச்சு, மாமா வரலை."

தாளின் மேல் உப்பு டப்பாவை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தாக நெருக்கி எழுதினாள்:

"மாமா வந்தாருங்க. தோப்புல தென்னமட்டை பொறுக்கிட்டிருந்தாரு. என்னையப் பார்த்தும் ஒண்ணும் பேசலை. வர்றவங்களுக்குப் போன் பண்ணி, இன்னொரு நாள் வரச் சொல்லிருங்க. சால்னாவக் கொட்டிராதீங்க. ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிட்டுப் படுக்கலாமுங்க."