ஜப்பானுக்காக மலை ஏறினோம், மாப்பிள்ளை

எங்கே போனாலும் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்த என் மாப்பிள்ளை தாணுவுக்கு,

நீ செத்துப்போனாய். சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, பூதப்பாண்டியில் விலை பேசப் போன வாழைத் தோட்டத்து வரப்பில். தோட்டக்காரர் இளநீர் வெட்டிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயு என்று சொல்லி நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாயாம். உன் சட்டைப் பையில் கேஸ் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதில் இரண்டு மாத்திரை மிச்சம்.

உனக்குத் தெரியாததையா சொல்கிறேன்? இது அச்சில் வந்து நாலு பேர் வாசிக்க வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ என் தங்கை வசந்தாவின் புருஷன். முப்பது வருஷமாக என் கூட்டாளி. நீ தோட்டம் தோட்டமாகப் போய் ஏத்தன் வாழைக்குலையைப் பார்த்து விலை பேசுவாய். நான் வடசேரிக் கடையில் இருந்து விற்பேன். இரண்டு பேரும் ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்கள். அறுபது வயதில்தான் ஊர் சுற்றும் ஆசை வந்தது.

இப்போது ஆவணி. நீ இல்லாத முதல் ஓணம் முடிந்தது. குலைக்கு நல்ல விலை கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

ஜப்பான் ஆசையைக் கிளப்பியது உன் மகள் அபிதான். ஒசாகாவில் வேலைக்குப் போன மறுவருஷமே போனில் ஆரம்பித்துவிட்டாள்: "அப்பா, இங்க இலை எல்லாம் சிவந்து விழும். வந்து பாருங்க." நீ என்ன சொன்னாய்? "இலை செவக்கதப் பாக்க எதுக்கு மக்கா கடல் தாண்டணும்? தை மாசம் குலசேகரம் பக்கம் வா. ரப்பர் காடு பூரா செவந்துதான் கெடக்கும்." அவள் விடவில்லை. படம் படமாக அனுப்பினாள். ஒருநாள் நீ கடைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மச்சான், இது ரப்பர் மரம் இல்ல கேட்டியா" என்றாய். அன்றைக்கே முடிவாகிவிட்டது. நாம் இரண்டு பேர், உன் வீட்டில் வசந்தா, என் வீட்டில் லீலா.

அங்கே இலை ஒரே நாளில் சிவப்பதில்லை, வடக்கே மலையில் தொடங்கித் தெற்கே இறங்கி வரும் என்று அபி சொன்னதும் நீ பிடித்துக்கொண்டாய். "இது நம்ம குலை வெட்டுதாம்லா! முத்துனத முதல்ல வெட்டு, பிஞ்ச விட்டுப் பிடி." ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினாய்: நிக்கோ, முதல் வெட்டு. கனசாவா, இரண்டாம் வெட்டு. கியோட்டோ, கடைசி வெட்டு. முன்னால் டோக்கியோ, பின்னால் ஹிரோஷிமா. பதினேழு நாள், ஐந்து ஊர். ஒரு டிராவல் ஏஜென்ட்கூட இவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டான். நவம்பருக்கு டிக்கெட் போட்டோம். அறைகளுக்கு அச்சாரம் கட்டினோம்.

அச்சாரம். இந்த வார்த்தையில்தான் இருக்கிறது எல்லாம்.

புயல் அடித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஒரு தோட்டத்துக்கு அச்சாரம் கொடுத்த மறுவாரம் காற்றில் அத்தனை வாழையும் சாய்ந்தது. தோட்டக்காரரே பணத்தைத் திருப்பித் தர வந்தார். நான் வாங்கவில்லை. பேசியதை முழுதாகக் கொடுத்துவிட்டுச் சாய்ந்த குலையை ஏற்றி வந்தேன். அதிலிருந்து சந்தையில் எனக்கு ஒரு பெயர். நீலகண்டன் அச்சாரம் கொடுத்தால் பின்வாங்க மாட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கர்வம். வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்குகிறவனைப் பத்துப் பேர் நடுவில் வைத்துக் கிழிப்பேன். நீயும் பக்கத்தில் நின்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே அதை மனசில் எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கியோட்டோவில் ஒரு கோவில். சிவப்பு மர வாசல்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக மலை மேலே ஏறிப் போகும். அதில் உச்சி வரை ஏறியே தீர வேண்டும் என்று நீதான் சொன்னாய். அதற்குப் பழக்கம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதறால் மலை ஏற ஆரம்பித்தோம். முதல் வாரம் நீ முன்னால். இரண்டாம் வாரமும் நீதான் முன்னால். மூன்றாம் வாரம் திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணவில்லை. கீழே ஒரு பாறையில் உட்கார்ந்து இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாய். காலை ஏழு மணிக் குளிர்ச்சியில் உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாப்ள, உக்காந்துட்ட?"

"செருப்பு கடிக்கு மச்சான்."

"தோளுலயா செருப்பு போட்டிருக்க?"

நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்: "மச்சான், இந்த வருஷம் கண்டிப்பா போணுமா? அடுத்த வருஷம்னா என்ன?"

மாப்பிள்ளை, நீ என்னிடம் விட்டுவிடச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் குறைக்காமல். "ஏலே, அச்சாரம் குடுத்தாச்சு. இனி நீ செத்தாலும் தூக்கிட்டுத்தான் ஜப்பானுக்குப் போவேன்."

எழுந்து வந்தாய். எனக்கு முன்னால் போய் உச்சி வரை ஏறினாய். ஒன்பது நாள் கழித்து பூதப்பாண்டியிலிருந்து போன் வந்தது.

அதன்பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில் சொன்னேன். திடீரென்று வந்தது, ஒரு அறிகுறியும் இல்லை. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ஒசாகாவிலிருந்து வந்திருந்த அபியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு வலியே தெரிஞ்சிருக்காதுல்லா மாமா?" என்று கேட்டபோதும் தலையாட்டினேன். வசந்தா கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்தது இன்னும் பயமாக இருந்தது.

பயணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். வசந்தா விடவில்லை. "அவரு மகளுக்குச் சொன்ன சொல்லு. அவ அங்க ஒத்தையில கெடந்து அழுகா. நான் போவேன்." உன் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தோம். அபி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். நிக்கோவில் வெந்நீர்க் குளம் உள்ள விடுதியா, ரயிலடிப் பக்கமா? கனசாவாவில் இரண்டு இரவு போதுமா? ஒவ்வொன்றும் கேட்டுக் கேட்டுச் செய்தாள். அவள் அனுப்பும் அட்டவணைக்குத் தலைப்பு இன்னும் "அப்பா பிளான்" என்றுதான் இருக்கிறது. மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால். லாரி வந்து நின்றது. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வேகமாக நடந்தேன், லீலாவும் கூட வந்தாள். பாதி வழியில் தாடைக்குக் கீழே ஏதோ பிடித்தது. பிறகு அது இடது கையில் இறங்கியது. சந்தைச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. ஒரு கடைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன, நடுவழியில நிக்கிய?" என்றாள் லீலா.

"செருப்பு கடிக்கு" என்றேன்.

மாப்பிள்ளை, நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக என் வாயிலிருந்து வந்தது. உன் குரலிலேயே வந்தது போலிருந்தது.

பிறகு நாலு தடவை வந்தது. ஓமத் தண்ணீர் குடித்தேன். இஞ்சி தட்டிக் குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் அதே கேஸ் மாத்திரையை வாங்கினேன். உனக்கு என்ன ஆனது என்று தெரிந்தும் வாங்கினேன். ஒரு மனிதன் தன்னையே இப்படி ஏமாற்றுவானா என்று நீ கேட்கலாம். கேட்கிற தகுதி உனக்கும் இல்லை, போ.

என் மூளை வியாபார மூளை அல்லவா? வழி ஒன்று கண்டுபிடித்தது. நெஞ்சுவலி என்று சொல்லாமலேயே பயணத்தை நிறுத்திவிடலாம். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்று நம்மில் ஒரு வழக்கம் உண்டே. போன வாரம் மத்தியானம் வசந்தா வீட்டுக்குப் போனேன். ஜப்பான் குளிருக்கு என்று நீ வாங்கிய ஸ்வெட்டரைக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

"வசந்தா, ஆண்டு திவசம் முடியல்ல. மலையேறுகது, கடல் தாண்டுகதெல்லாம் வேண்டாம்னு நாலு பேரு சொல்லுகாவ."

"யாரு அந்த நாலு பேரு?"

"பொதுவா சொல்லுகதுதான்."

"மலைன்னா நான் ஏறல்ல. கடல நான் என்ன நீந்தியா தாண்டப் போறேன்?" ஸ்வெட்டரை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். "எனக்குத் தொளதொளன்னு இருக்கு. இருக்கட்டும், குளிருக்குத் தெரியவா போகுது யாரு ஸ்வெட்டர்னு?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, உனக்குப் பொய் சொல்லி வாழக்குலை விக்கத் தெரியும். என்கிட்ட விக்கத் தெரியாது. என்ன சங்கதி?"

தாடை, கை, தூண் என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கும் இப்பிடி வந்துதா?"

அந்த மலையில் அன்றைக்கு நம் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. இல்லை என்று நான் சொன்னால் மறுக்க நீ வரப்போவதில்லை. ஒரு சொல்தான். சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கு ஒரு அண்ணன் மிஞ்சியிருப்பான்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். பாறை, ஈரச் சட்டை, நீ கேட்டது, நான் சொன்னது. செத்தாலும் தூக்கிக்கொண்டு போவேன் என்றதையும் சொன்னேன்.

வசந்தா ஸ்வெட்டரை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். நான் "வசந்தா, என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட மன்னிப்பு கேக்காத. அது நான் தர்றதுக்குள்ளது இல்ல" என்றாள். "எந்திரி. ஆஸ்பத்திரிக்கு."

ஆட்டோவில் நாகர்கோவில் வரை என் மணிக்கட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அது அன்பா, ஓடிவிடுவேன் என்ற சந்தேகமா? இன்னும் எனக்குப் புரியவில்லை.

டிரெட்மில்லில் நாலாவது நிமிஷம் டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்கு முன் வசந்தா சொன்னாள்: "பதினெட்டு நாளு." ஆட்டோவில் அவள் அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நவம்பரில் ஜப்பான் போக வேண்டும் என்று நான் இழுத்தேன். "இலை அடுத்த வருஷமும் சிவக்கும் சார். அதைப் பார்க்க நீங்க இருக்கணும்ல?" என்றார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஞ்சியோகிராம். ரத்தக்குழாயில் அடைப்பு எத்தனை, ஸ்டென்ட் வைப்பதா, அறுவைச் சிகிச்சையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதானாம்.

இன்று திங்கள். இன்று காலை பல் தேய்க்கும்போதும் வந்தது. இது அச்சாகி ஆட்கள் கைக்குப் போகிற நேரத்தில் நான் எந்தப் பக்கம் இருப்பேன்? உன் பக்கமா, இவர்கள் பக்கமா? நீ முன்னால் போய் நிற்கிறாய் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை, மாப்பிள்ளை. பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். பிழைத்து வந்தால், சந்தையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயு என்கிற எவனையும் கேலி செய்ய மாட்டேன். லாரி நின்றாலும் சரி, ஓணமே வந்தாலும் சரி, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன். பின்வாங்குகிறவனிடம் முதலில் உடம்புக்கு என்ன என்று கேட்பேன். அபியிடமும் நானே உண்மையைச் சொல்வேன். போனில் இல்லை, நேரில்.

இன்று மத்தியானம், நமக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல் ஏஜென்டை வீட்டுக்கு வரச்சொல்லி, வசந்தாவையும் லீலாவையும் பக்கத்தில் வைத்துப் பேசி முடித்தது இதுதான்: என் இடம் ரத்து. நான் கட்டியது திரும்ப வராது, கேட்கவும் மாட்டேன். வசந்தாவும் லீலாவும் போகிறார்கள். ஐந்து ஊர் இல்லை, கனசாவா, கியோட்டோ, அபி இருக்கும் ஒசாகா மட்டும். பதினொரு நாள். வியாழக்கிழமை எனக்கு ஏதாவது ஆனால், லீலாவின் இடத்தை எந்தப் பிடித்தமும் இல்லாமல் ரத்து செய்து தர வேண்டும். வசந்தாவின் இடம் என்ன ஆனாலும் ரத்தாகாது.

உன் மச்சான்,
வசந்தாவின் அண்ணன்,
நீலகண்டன்