நெதர்லாந்து லீக்கை நீ தூக்கிவிடவில்லை

என் ஆசை மாப்ளே காளிராஜ்,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாலு வரி எழுதுவதும், எழுந்து வாசலுக்குப் போவதும், திரும்பி வந்து அந்த நாலு வரியையும் அடிப்பதுமாக இருக்கிறேன். "என்னங்க, உக்காரவும் மாட்டேங்கிறீக, நிக்கவும் மாட்டேங்கிறீக, டாக்டர்ட்ட காட்டுவமா?" என்று என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். டாக்டர் பார்க்கிற நோய் இல்லை இது.

முதலில் வீட்டுச் சேதி. விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிவிட்டது. நீ போன பிறகு உன் பிரஸ்ஸிலேயே தங்கச்சி மாரீஸ்வரிக்குப் புரூஃப் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தினசரி காலண்டர் தாளில் தேதி, கிழமை, ராகுகாலம் எல்லாம் சரிபார்க்கிறாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று உன் முதலாளியே சொல்கிறார். அந்தக் கண்ணில்தான் நான் மாட்டினேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் டிசைன் பார்த்தாய். நான் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்புகிற கிளார்க். என் தங்கை மாரீஸ்வரியை நீ கட்டுவதற்கு முன்பிருந்தே நம் இருவருக்கும் ஒரே கிறுக்கு. உலகத்துக் கால்பந்து கிளப்புகளையும் லீக்குகளையும் கணக்குப் போட்டு வரிசைப்படுத்தி, திங்கட்கிழமை தவறாமல் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். பிரஸ்காரர்கள், லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள் என்று அதைப் படிக்க ஒரு கூட்டமே இருந்தது.

கணக்கு உன்னுடையது; ஆட்ட முடிவுகளை இருவரும் அவரவர் போனிலிருந்தே ஏற்றும்படி ஒரே கோப்பாக வைத்திருந்தாய். ஜெயித்த கிளப், தோற்ற கிளப்பிடமிருந்து புள்ளி பிடுங்கும். பெரிய ஆளை அடித்தால் நிறைய, சோப்ளாங்கியை அடித்தால் கொஞ்சம். சொந்த மைதானத்தில் ஆடுகிறவனுக்குச் சாதகம் உண்டு என்பதால் அதைக் கழிக்க ஓர் எண். அந்த எண்ணையும் நீதான் பல வருச ஆட்டங்களைப் பார்த்து வைத்தாய்.

கிளப்புகளை வரிசைப்படுத்துவது லேசு, லீக்குகளைத்தான் பாடுபட்டு வரிசைப்படுத்த வேண்டும் என்பாய். சாத்தூர் டீம்கள் சாத்தூருக்குள்ளும், காரியாபட்டி டீம்கள் காரியாபட்டிக்குள்ளும் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால் எந்த ஊர் டீம் பெரிசு என்று எப்படிச் சொல்வது? வாரத்தின் நடுவில் நடக்கிற ஐரோப்பியப் போட்டிகளில்தான் ஒரு நாட்டுக்காரன் அடுத்த நாட்டுக்காரனோடு மோதுகிறான். நம் லீக் வரிசை முழுக்க அந்தக் கொஞ்ச ஆட்டங்களின் மேல்தான் நின்றது.

தீபாவளி முடிந்து எங்கள் கம்பெனியில் லோடு நின்றது. உனக்குக் காலண்டர் சீசன் கழுத்தை நெரித்தது. "ஐரோப்பா ஆட்டத்தையெல்லாம் நான் ஏத்துதேன், நீ வேலையைப் பாரு" என்று நான்தான் வாங்கிக்கொண்டேன். மார்கழி பிறப்பதற்குள் போர்ச்சுகல் லீக் கிடுகிடுவென்று ஏறி, நெதர்லாந்தைத் தாண்டிப் போய்விட்டது.

டீக்கடையில் நீ மெதுவாகத்தான் சொன்னாய். "மச்சான், போர்ச்சுகல் இம்புட்டு ஏறாது, நெதர்லாந்து இம்புட்டு எறங்காது. நீ ஏத்துனதை ஒருக்காப் பாரேன்."

பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை. எனக்கு ஏன் அப்படிச் சுர்ரென்று ஏறியது? "என் கை பட்டாத்தான் தப்பாலே? நெதர்லாந்துன்னா உனக்கு ஒரு இது. அவனுக ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியிறவன்தானே நீ. இம்புட்டு நாளும் நம்பரைத் திருத்தித் திருத்தி நீதான் அவனைத் தூக்கி விட்டிருக்கே, இப்பல்ல வெளிய வருது" என்றேன். புக்கிங் ஆபீஸ் ராமர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கிளாஸை வைத்தாய், வண்டியை எடுத்தாய், போய்விட்டாய்.

பதினோரு நாள் நாம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பிரஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மதுரைக்குக் கொண்டுபோனோம். திருமங்கலம் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் பந்தியில் புக்கிங் ஆபீஸ் ராமர் சொன்னார், "தங்கமான மனுசன். லிஸ்ட்டுலதான் கொஞ்சம் கைய வச்சிட்டாரு." உன்மேல் பிரியமாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் பிரியமாகத்தான் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு பின்னால் நின்ற மாரீஸ்வரியின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இலையை மூடினேன்.

போன மாதம் அவள் உன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "குரூப்புல கேட்டுக்கிட்டே இருக்காக. நீ போடுண்ணே." நான் கோப்பை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, இவனுக ரெண்டு பேரும் செவ்வாக்கெழமையும் வெளாண்டு, மறுநா புதங்கெழமையும் வெளாண்டாய்ங்களா?"

பந்து எப்படி இருக்கும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் தேதி தெரியும். கீழே வந்தால் அடுத்த ஜோடியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அங்கே செவ்வாய் இரவு ஆடுகிற ஆட்டம் முடியும்போது நமக்குப் புதன் பிறந்துவிடுகிறது. நீ எப்போதும் நம் தேதியில் ஏற்றுவாய். நான் அவர்கள் தேதியில் ஏற்றியிருக்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் நீ பழக்க தோஷத்தில் காலையில் டீ குடித்துக்கொண்டே போனில் உன் பங்குக்கு ஏற்றியிருக்கிறாய். தேதியும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கோப்பு இரட்டையைக் கண்டுபிடிக்கும். தேதி வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிவிட்டது.

நாட்டை நாட்டோடு மோதவிட்ட ஆட்டம் அத்தனையும் இரண்டிரண்டு. ஜெயித்த போர்ச்சுகல்காரனுக்கு இரண்டு மடங்கு வரவு, தோற்ற நெதர்லாந்துக்காரனுக்கு இரண்டு மடங்கு அடி. ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டர் அடிக்கிற ஊரில் பிறந்துவிட்டு, நான் தேதியில் கோட்டை விட்டிருக்கிறேன்.

அதோடு போகவில்லை மாப்ளே. முதல் நாலு ஜோடிக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருந்தது. "இது யாரு அடிச்சது? நீயா, அவுகளா?" என்றாள். நான் அடிக்கவில்லை. கோப்பைக் கடைசியாக மூடிய தேதியைப் பார்த்தேன். நீ போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய்? "லே மச்சான், ரெண்டு தரம் விழுந்திருக்குலே" என்று ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? எல்லா ஜோடியையும் தேடி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாயா? நானாக வந்து நிற்பேன் என்று பார்த்தாயா? குரூப்பில் போட்டு என்னைத் தலைகுனிய வைக்கவாவது செய்திருக்கலாம். எது என்று தெரியாமல் நான் கிடந்து அல்லாடுகிறேன்.

உன் பழைய திங்கட்கிழமைக் கோப்புகள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். நீயாக வைத்த ஒரே எண்ணான அந்தச் சொந்த மைதானத்து எண் முதல் கோப்பில் என்னவோ, கடைசிக் கோப்பிலும் அதேதான். ஒரு தடவைகூட நீ அதைத் தொடவில்லை.

இனி சொல்லப்போவதற்கு நீ என் முகத்தில் துப்பலாம். இரட்டைகளைச் சத்தமில்லாமல் நீக்கினேன். நெதர்லாந்து நீ சொன்னபடி பழைய இடத்துக்கே ஏறியது. போன திங்கட்கிழமை ஒரு விளக்கமும் இல்லாமல் லிஸ்டைக் குரூப்பில் போட்டேன். ராமர் எழுதினார்: "தனுஷ்கோடி அண்ணாச்சி கைக்கு வந்ததும் லிஸ்ட்டு நேராயிருச்சு." அதற்கு நான் கும்பிடு படம் ஒன்றைப் போட்டேன். விரல் தானாகப் போனது என்று சொன்னால் பொய்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி வேனில் ஏறினால் ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். ஒரு கால்பந்து லிஸ்டுதானே, இதற்காகவா ஒருத்தன் செத்துப்போவான் என்று இதே கடிதத்தில் எழுதி, அந்த வரியை அடித்தேன். ரொம்ப நாளைய அடைப்பு என்றுதான் டாக்டர் சொன்னார். பகலில் அதை நம்புகிறேன்.

நேற்று மாரீஸ்வரி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"லிஸ்ட்ட நேராக்கிட்டே. அவுகள எப்பண்ணே நேராக்கப் போறே?"

"குரூப்புல எழுதிப் போட்டுருதேன்மா" என்றேன்.

"எழுதுறது எழுது. கடையில வாயால சொன்னியே, அதை எங்கன போயி அழிப்பே?"

"அதே கடையில போயி வாயாலயே சொல்லுதேன்" என்றேன். "நானும் வாரேன். பிரஸ்ஸுக்குப் போற வழிதானே" என்றாள்.

நாளை திங்கட்கிழமை. இந்தக் கடிதம் லிஸ்டுக்குப் பதிலாகக் குரூப்பில் போகும். ஆனால் அதற்கு முன்னால், ஏழரை மணிக்கு ராமரும் மற்றவர்களும் டீக்கடையில் இருக்கிற நேரத்தில் நான் போய் நிற்பேன். காளிராஜ் எந்த எண்ணிலும் கை வைக்கவில்லை, தப்பாக ஏற்றியவன் நான், அது தெரிந்தும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மாரீஸ்வரி காது கேட்கச் சொல்வேன். நடுவில் குரல் உடைந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வேன். அவள் போதும் என்று சொல்லும்வரை சொல்வேன் மாப்ளே, இது சத்தியம்.

உன்னை ஊர் நடுவில் கள்ளனாக்கிய,
உன் மச்சான்
தனுஷ்கோடி